வாடகை வீட்டுக்கு ஏசி, லிஃப்ட், மோட்டார் போட்ட செலவு: வருமான வரியில் எங்கே கழியும், எங்கே கழியாது

வாடகைக்கு விட்ட வீட்டில் இரண்டு ஏசி, ஒரு கீசர், போர்வெல்லுக்குப் புது மோட்டார் என்று ஒரே வருடத்தில் 1,40,000 ரூபாய் செலவாகிவிட்டது. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது, இதை வாடகை வருமானத்தில் கழிக்கலாமா என்ற கேள்வி வருகிறது. ஆடிட்டர் முடியாது என்கிறார். இணையத்தில் ஒருவர் 15% தேய்மானம் (பொருள் பழசாகி மதிப்புக் குறைவதற்கான வருடாந்தரக் கழிவு) உண்டு என்கிறார். அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் உறவினரோ, தான் வருடா வருடம் கழிப்பதாகச் சொல்கிறார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று வேறு விதிகளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தியச் சட்டத்தில் இந்தச் செலவு வாங்கிய வருடத்திலேயே வாடகையில் கழிவதில்லை. ஆனால் அது முற்றிலும் வீணாகவும் வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தை எப்படி எழுதினீர்கள், பொருள் கட்டடத்தோடு சேர்ந்துவிட்டதா, செலவுக்குக் கடன் வாங்கினீர்களா என்பதைப் பொறுத்து அது வேறு மூன்று இடங்களில் கைகொடுக்கலாம்.

## முதலில் அடிப்படை: வருமானத்தின் தலைப்பு

வருமான வரிச் சட்டம் எல்லா வருமானத்தையும் ஐந்து தலைப்புகளில் பிரிக்கிறது: சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம் (சொத்தை விற்று வரும் லாபம்), இதர வருமானம். எந்தச் செலவு கழியும் என்பதை முடிவு செய்வது செலவின் தன்மை மட்டுமல்ல, வருமானம் எந்தத் தலைப்பில் விழுகிறது என்பதும்தான். ஒரே ஏசிக்குக் கடையில் தேய்மானம் உண்டு, வாடகை வீட்டில் கிடையாது என்பதற்குக் காரணம் இதுவே.

வீட்டை வாடகைக்கு விட்டால் வருமானம் 'வீட்டுச் சொத்து' தலைப்பில் வரும். கணக்குப் போடும் வரிசை இது:

1. ஆண்டு வாடகையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியில் அந்த வீட்டுக்கு நியாயமாக வரக்கூடிய வாடகை அதைவிட அதிகமானால் அந்த அதிகத் தொகைதான் கணக்கு. வீடு காலியாக இருந்த மாதங்களுக்குத் தனிச் சலுகை உண்டு.
2. அதில் உரிமையாளர் அந்த வருடம் உண்மையில் கட்டிய சொத்து வரியைக் கழிக்க வேண்டும். பாக்கி வைத்திருந்தால் கழிக்க முடியாது. மீதம் வருவது ஆண்டு மதிப்பு.
3. ஆண்டு மதிப்பில் 30% நிலையான கழிவு.
4. வீட்டுக்காக வாங்கிய கடனின் வட்டி.

இவ்வளவுதான் பட்டியல். பெயின்ட், பிளம்பர், வீட்டுக் காப்பீடு, வீடு பிடித்துக் கொடுத்த தரகர் கமிஷன், ஏசி சர்வீஸ், புது மோட்டார் எதற்கும் தனிக் கழிவு கிடையாது. எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம்.

மாதம் 25,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,00,000. சொத்து வரி 12,000 கட்டியாயிற்று. ஆண்டு மதிப்பு 2,88,000. அதில் 30%, அதாவது 86,400 போக, வரிக்கு உட்படுவது 2,01,600. நீங்கள் 1,40,000 செலவழித்திருந்தாலும் 2,01,600தான். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இருந்தாலும் அதே 2,01,600தான்.

## இந்த 30% எங்கிருந்து வந்தது?

முன்பு நிலைமை வேறு. பழுதுபார்ப்புக்கு ஆண்டு மதிப்பில் ஒரு பங்கு, காப்பீட்டு பிரீமியம், நில வாடகை என்று தனித்தனிக் கழிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, ஒரு தகராறு. 2001-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இவற்றை எடுத்துவிட்டு, வட்டியை மட்டும் தனியே வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 30% என்று வைத்தது. 2002-03 மதிப்பீட்டு ஆண்டு (அதாவது முந்தைய நிதியாண்டின் வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு) முதல் அதுதான் நடைமுறை.

கணக்கு எளிதானது உண்மை. பில் காட்டத் தேவையில்லை, அதிகாரியும் கேட்பதில்லை. ஆனால் இதில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். குடியிருப்பவர் கேட்டதும் கீசர் மாற்றி, வயரிங் மாற்றி, மழைக்கு முன் மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்யும் உரிமையாளரும், பத்து வருடமாகக் குழாய் வாஷர்கூட மாற்றாத உரிமையாளரும் ஒரே கழிவைப் பெறுகிறார்கள். வீட்டை நன்றாக வைத்துக்கொள்ள வரிச் சட்டம் ஒரு சிறு தூண்டுதலும் தருவதில்லை. அதன் விலையைக் கொடுப்பவர் வாடகைதாரர்.

மற்ற நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. அமெரிக்காவில் வாடகைக் குடியிருப்புக் கட்டடத்தை 27.5 ஆண்டுகளிலும், அதிலுள்ள ஃபிரிட்ஜ், அடுப்பு போன்றவற்றை 5 ஆண்டுகளிலும் தேய்மானமாகக் கழிக்க விதி உண்டு. உறவினர் சொல்வது இதைத்தான். பிரிட்டனில் வீட்டுச் சாமான்களோடு விடும் வீடுகளுக்கு வாடகையில் 10% நிலையான கழிவு இருந்தது. 2016 ஏப்ரலில் அதை நீக்கி, பழைய சாமானை மாற்றிப் புதிது வாங்கிய உண்மைச் செலவைக் கழிக்கலாம் என்று மாற்றினார்கள். நாம் போனதற்கு நேர் எதிர்த் திசை.

## 'தொழில் வருமானம்' என்று காட்டினால்?

தொழில் தலைப்பில் தேய்மானம், பழுது, சம்பளம் எல்லாம் கழியும் என்பதால், வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டும் பழக்கம் இருந்தது. அதற்குச் சட்ட ஆதரவும் கொஞ்சம் இருந்தது. சொத்து வாங்கி வாடகைக்கு விடுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில், சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கு என்று அறியப்படும் அதில், வாடகை தொழில் வருமானமே என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை அந்தக் கதவு மூடிவிட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டை ஒட்டி வந்த சட்டத் திருத்தம், உரிமையாளர் குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டு வரும் வருமானம் வீட்டுச் சொத்து தலைப்பில்தான் வரும், தொழில் தலைப்பில் வராது என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் இது அமல். நான்கு ஃபிளாட் வைத்து வாடகைக்கு விடுபவர் அதைத் தன் தொழில் என்று சொன்னாலும் 30 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. வணிகக் கட்டடங்களைப் பற்றி இந்தத் திருத்தம் பேசவில்லை. சாப்பாடும் பணியாளும் வைத்து விடுதி நடத்துவதும் வேறு விஷயம்.

## முதல் இடம்: பொருளுக்குத் தனி வாடகை

ஏசி, மின்சாதனம், மேசை நாற்காலி போன்றவற்றை வாடகைக்கு விடுவதால் வரும் வருமானம், தொழிலாக இல்லாதபோது, 'இதர வருமானம்' தலைப்பில் வரும். 1961 சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 57-ஆம் பிரிவு அதற்கு எதிராகப் பழுதுபார்ப்பு, காப்பீடு, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்க அனுமதிக்கிறது. இணையத்தில் 15% என்று சொன்னவர் இதை அரைகுறையாகக் கேட்டிருக்கலாம்.

இது இரண்டு வகையில் நடக்கும்.

1. வீட்டுக்கு ஒரு வாடகை, சாமான்களுக்கு ஒரு வாடகை என்று பிரித்து ஒப்பந்தம் போடுவது. வீட்டு வாடகை வீட்டுச் சொத்தில் விழும், சாமான் வாடகை இதர வருமானத்தில் விழும்.
2. கட்டடத்தையும் சாமானையும் பிரிக்கவே முடியாதபடி ஒன்றாக விடுவது. அப்போது மொத்த வாடகையும் இதர வருமானம்.

இரண்டாவது வகைக்கான அளவுகோலை சுல்தான் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஓட்டல் நடத்துவதற்காகச் சாமான்களோடு விடப்பட்ட கட்டடம் அது. இரண்டையும் சேர்த்தே அனுபவிக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றதை விட்டிருக்க மாட்டார்கள் என்பது ஒப்பந்தக்காரர்களின் எண்ணமா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். சாதாரணக் குடியிருப்பு வீடு இந்த அளவுகோலைத் தாண்டுவது கஷ்டம். இரண்டு ஏசியும் ஒரு கட்டிலும் இருப்பதால் வீடு பிரிக்க முடியாததாகிவிடாது. அவை இல்லாமலும் யாராவது குடிவருவார்கள்.

ஆகவே நடைமுறையில் முதல் வகைதான் பயன்படும். தேய்மான விகிதங்களில் கவனம் வேண்டும். ஏசி, மோட்டார் போன்றவை இயந்திரம் என்ற வகையில் 15%. கட்டில், சோபா, மேசை ஆகியவை 10%. மின்விசிறி, வயரிங், சுவிட்ச், சாக்கெட் எல்லாம் மின் பொருத்துகள் என்ற பெயரில் அதே 10 சதவீதத்தில்தான் வரும். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் முதல் வருடம் பாதி மட்டுமே. அடுத்தடுத்த வருடங்களில் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல் விகிதம் போடுவதால் கழிவு குறைந்துகொண்டே போகும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 40,000 ரூபாய் ஏசி, அதற்குத் தனி வாடகை மாதம் 1,000, வருட சர்வீஸ் செலவு 1,500.

- அந்த 12,000 ரூபாயையும் வீட்டு வாடகையோடு சேர்த்திருந்தால்: 30% போக 8,400 வரிக்கு உட்படும்.
- தனியாகக் காட்டினால் முதல் வருடம்: தேய்மானம் 6,000, சர்வீஸ் 1,500 போக 4,500 வரிக்கு உட்படும்.
- இரண்டாம் வருடம்: தேய்மானம் 5,100. மீதம் 5,400.
- நான்காம் வருடம்: தேய்மானம் சுமார் 3,685. மீதம் சுமார் 6,815.
- எட்டாம் வருடம்: தேய்மானம் சுமார் 1,923 மட்டுமே. மீதம் சுமார் 8,577. இப்போது தனியாகக் காட்டுவது நஷ்டம்.

முதல் வருட வித்தியாசம் 3,900 ரூபாய் வருமானம். 20% வரி வரம்பில் இருப்பவருக்கு 780 ரூபாய் மிச்சம், செஸ் தனி. ஒரே ஒரு ஏசிக்காக இரண்டு ஒப்பந்தம் போடுவது வேண்டாத வேலை. மூன்று ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபா என்று ஐந்தாறு லட்சத்துக்குச் சாமான் போட்டு விடுபவருக்குத்தான் இது பொருள்படும்.

பிரிக்கும்போது பேராசை கூடாது. 25,000 வாடகை வரும் வீட்டுக்கு 12,000 வீட்டு வாடகை, 13,000 சாமான் வாடகை என்று எழுதினால், மேலே சொன்ன நியாயமான வாடகை விதி குறுக்கே வரும். சாமான் இல்லாமல் அந்த வீட்டுக்கு 20,000 வரும் என்றால் வீட்டுச் சொத்தில் 20,000தான் கணக்கு, அதற்கு மேல் 13,000 இதர வருமானத்தில். வராத பணத்துக்கும் சேர்த்து வரி கட்ட நேரிடும். சாமான் பட்டியல், வாங்கிய தேதி, விலை, ஒவ்வொன்றின் நிலை எல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும்.

ரிட்டர்னில் இதைக் காட்ட ஐ.டி.ஆர்-1 படிவம் உதவாது. ஐ.டி.ஆர்-2 படிவத்தின் இதர வருமான அட்டவணையில் இயந்திரம், கட்டடம் முதலியவற்றின் வாடகைக்கு ஒரு கட்டமும், அந்தக் கட்டத்தை நிரப்பினால் மட்டும் கோரக்கூடிய தேய்மானத்துக்கு இன்னொரு கட்டமும் இருக்கின்றன.

## இரண்டாம் இடம்: கடன் வட்டி

வீட்டை வாங்க, கட்ட, பழுதுபார்க்க, புதுப்பிக்க, மறுபடி கட்ட வாங்கிய கடனின் வட்டி கழியும். வாடகை வீட்டுக்கு இந்த வட்டிக்கு மேல்வரம்பு இல்லை. பழைய வீட்டை முழுக்கப் புதுப்பித்து, வயரிங் மாற்றி, லிஃப்ட் வைக்கக் கடன் வாங்கினால் அதன் வட்டியைக் கோர நியாயம் உண்டு. கடன் அதற்குத்தான் செலவானது என்பதற்கு வங்கிக் கணக்கு வழியே தடம் இருக்க வேண்டும். தவணையில் வாங்கிய ஏசி, ஃபிரிட்ஜுக்குக் கட்டும் வட்டி இதில் சேராது. அது சாமான் வாங்கிய கடன், வீட்டைப் புதுப்பித்த கடன் அல்ல.

வட்டி அதிகமாகி வீட்டுச் சொத்துக் கணக்கு நஷ்டத்துக்குப் போனால், பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை மற்ற வருமானத்தில் ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் மற்றத் தலைப்புகளோடு ஈடுகட்டவே முடியாது. 30% கழிவு இரண்டு முறைகளிலும் உண்டு.

## மூன்றாம் இடம்: வீட்டை விற்கும் நாள்

பெரும்பாலானோர் பணத்தை இழப்பது இங்கேதான். வாடகைக் கணக்கில் கழியாது என்று தெரிந்ததும் பில்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூலதன ஆதாயக் கணக்கில் வாங்கிய விலையோடு மேம்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கழிக்கலாம். சொத்தில் கூட்டல் அல்லது மாற்றம் செய்ய ஆன மூலதனச் செலவுதான் மேம்பாட்டுச் செலவு. 2001 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய செலவு மட்டுமே கணக்கில் வரும்.

பழுதா, மேம்பாடா என்ற கேள்வி வாடகைக் கணக்கில் எந்த வித்தியாசமும் செய்யாது. விற்கும்போது அதுதான் முக்கியம்.

1. லிஃப்ட், புது போர்வெல், கூடுதல் மாடி, முழு வீட்டின் மறு வயரிங், சுவரோடு பதித்த சமையலறை அமைப்பு போன்றவற்றுக்கு வாதம் வலுவானது.
2. வெள்ளையடிப்பு, மோட்டார் ரீவைண்டிங், ஏசி கேஸ் நிரப்புதல் போன்றவை பழுதுபார்ப்பு. இவை சேராது.
3. கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஸ்பிளிட் ஏசி, ஃபிரிட்ஜ், சோபாவை வீட்டின் மேம்பாடு என்று சொல்வது எடுபடுவது கடினம்.
4. மொட்டைமாடி சோலார் பொருத்தியதைச் சேர்க்க முயல்பவர்கள், பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிடைத்த மானியத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குக் காட்ட வேண்டும். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டவர்களுக்கு அது 78,000 ரூபாய்.

எவ்வளவு மிச்சமாகும்? திருச்சியில் 2012-13 நிதியாண்டில் 50 லட்சத்துக்கு வாங்கிய மாடி வீடு. 2017-18-இல் 12 லட்சத்தில் லிஃப்ட். 2025-26-இல் 1.5 கோடிக்கு விற்பனை. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு கணக்கில் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையையும் மேம்பாட்டுச் செலவையும் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%, அல்லது சரிக்கட்டலோடு 20%. பணவீக்கக் குறியீடு 2012-13-க்கு 200, 2017-18-க்கு 272, 2025-26-க்கு 376.

- சரிக்கட்டிய வாங்கிய விலை 94 லட்சம், லிஃப்ட் சுமார் 16.59 லட்சம். ஆதாயம் சுமார் 39.41 லட்சம், 20% வரி சுமார் 7.88 லட்சம்.
- 12.5% கணக்கில் ஆதாயம் 88 லட்சம், வரி 11 லட்சம். ஆக, கட்ட வேண்டியது 7.88 லட்சம்.
- லிஃப்ட் பில் இல்லாவிட்டால் 20% கணக்கில் 11.2 லட்சம், 12.5% கணக்கில் 12.5 லட்சம். கட்ட வேண்டியது 11.2 லட்சம்.

ஒரு கோப்பு பில்லுக்கு 3.32 லட்சம் ரூபாய், செஸ்ஸும் சர்சார்ஜும் தனி. உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வசிக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 20% வழி கிடையாது. அவருக்கு 12.5% மட்டுமே, மிச்சம் 1.5 லட்சம்.

ஒரே செலவை இரண்டு இடத்தில் எடுக்க முடியாது. இதர வருமானத்தில் தேய்மானமாகக் கழித்ததை மேம்பாட்டுச் செலவில் சேர்க்கக் கூடாது. வீட்டுச் சொத்தில் கழித்த வட்டியையும் வாங்கிய விலையோடோ மேம்பாட்டோடோ சேர்க்க முடியாது என்று 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தெளிவாக்கிவிட்டது.

பில் உரிமையாளர் பெயரில், சொத்தின் முகவரியோடு இருப்பது நல்லது. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியே பணம் கொடுத்திருக்க வேண்டும். மேஸ்திரியிடம் ரொக்கமாகக் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிய செலவைப் பத்து வருடம் கழித்து நிரூபிப்பது மிகச் சிரமம்.

## புதிய சட்டம் வந்தபின்?

1961 சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். பிரிவு எண்கள் மாறிவிட்டன. வீட்டுச் சொத்துக் கழிவுகள் இப்போது 22-ஆம் பிரிவில் இருக்கின்றன. 30% கழிவும் கடன் வட்டியும் அப்படியே தொடர்கின்றன. சாதனச் செலவுக்குத் தனிக் கழிவு எதுவும் புதிதாக வரவில்லை.

## வாடகைதாரரே வாங்கி மாட்டினால்?

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது. ஏசி வேண்டும் என்று குடியிருப்பவர் கேட்கிறார், நீங்களே வாங்கி வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். 25,000 வாடகையில் இரண்டு மாதம் எதுவும் கொடுக்காமல் 50,000 ரூபாய் ஏசி வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிறது. அந்த இரண்டு மாதமும் கைக்குப் பணம் வராததால் வருமானம் 2,50,000தான் என்று சிலர் காட்டுகிறார்கள். அது தவறு. வாடகை 3,00,000 வந்தது, அதில் 50,000 ஏசியாக வந்தது. வரி 3,00,000-க்குத்தான்.

வாடகைதாரர் தன் பணத்தில் வாங்கி மாட்டி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போனால் உரிமையாளரின் கணக்கில் எந்தப் பாதிப்பும் இல்லை. விட்டுவிட்டுப் போவார் என்றால், யாருடைய பொருள், என்ன விலைக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் கணக்கில் சண்டை வரும்.